நல்லது கெட்டது நீங்கலாக

ஜூலை 24, புதன்

மிருதுளாவின் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை. பேண்டு வாத்தியக் குழுவுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். தேர்வு எப்படி நடந்தது என்று விசாரித்தேன். உடற்பயிற்சி ஆசிரியர் தங்கதுரை எட்டாம் வகுப்பில் உயரமானவர்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து ஊதச் சொல்லியிருக்கிறார். இவளுடையது முதலில் வெடித்தது. திறமையை அளக்க இதைவிட மோசமான முறைகளைப் பல்கலைக்கழகங்களில் பார்த்திருக்கிறேன்.

கிடைத்திருப்பது யுபோனியம். கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளைக் குழல். பள்ளிக்குச் சொந்தமாக ஒன்று உண்டு. அது பற்றவைக்கப் போய் இரண்டு வருடமாகிறது. ஆகவே கருவியைப் பெற்றோரே ஏற்பாடு செய்ய வேண்டும், இயலாதவர்களின் பிள்ளைகள் அணிவகுப்பில் பேனர் பிடிக்கலாம் என்று சுற்றறிக்கை கருணையோடு முடிகிறது.

பேனர் பிடிப்பதும் கௌரவமான வேலைதான் என்று சொல்லிப் பார்த்தேன். மிருதுளா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அது வேணும்மா" என்றாள்.

நான்கு வருடங்களில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள். புள்ளியியல் கற்பிப்பவள் என்பதால் எண்ணிக்கையைக் குறித்துவைக்கிறேன். வேறொன்றுமில்லை.

ஜூலை 27, சனி

ஜங்ஷனில் இசைக்கருவிக் கடை. யுபோனியம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு ஹார்மோனியத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் திரும்பச் சொன்னேன். அவர் திரும்பத் துடைத்தார். கடைசியில் ரசீதின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினேன். "இது ஊதுறதுல்லா" என்றார், அதெல்லாம் தன் கடையில் பேசக்கூடாத பேச்சு என்பது போல. அவர் தலைக்கு மேலே முப்பது புல்லாங்குழல்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

வாங்குவதானால் சென்னையிலிருந்து வரவழைக்கலாம், வாடகைக்கென்றால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட்காரர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். வீட்டில் என்ன விசேஷம் என்றும் அக்கறையாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உண்மையைச் சொல்வதில் உள்ள வசதி, அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் செராபின் பேண்டு செட். சுவரில் ஆணி அடித்து, தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டுகளை மாட்டியிருக்கிறார்கள். போரில் தோற்ற தளபதிகளின் பொருட்காட்சி போலிருந்தது. செராபின் என்பவர் காலமாகி வெகுநாளாகிறது. மகன் டிரம்பெட் வாசிப்பார். வாசிப்பது மட்டுமே அவர் பொறுப்பு. மற்றதெல்லாம் மருமகள் ரெஜினா. நாற்பது வயதிருக்கும். இரண்டு கைபேசிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி மாசம், சும்மாதான் கெடக்கு. கொண்டுபோங்க மேடம். நல்லது கெட்டதுக்கு மட்டும் எனக்கு வேணும்" என்றாள்.

வரையறை கேட்பது என் தொழில் நோய். எதெல்லாம் நல்லது, எதெல்லாம் கெட்டது என்று கேட்டேன்.

"நல்லதுன்னா கல்யாணம், சடங்கு, சர்ச்சு அசன விருந்து, கட்சிக்காரவிய வரவேற்பு. கெட்டதுன்னா ஒண்ணுதான்."

அந்த நாட்களில் காலையில் ஆட்டோவில் கொடுத்துவிட வேண்டும்; முடிந்ததும் அவளே திருப்பி அனுப்புவாள். ரசீதில், "யுபோனியம் 1. மாத வாடகை. நல்லது கெட்டது நீங்கலாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டையும் நீக்கினால் மாதத்தில் எத்தனை நாள் தேறும் என்று கேட்டேன்.

"உங்களப் பாத்தா நெறைய தேறும்னு தோணுது மேடம்" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜூலை 29, திங்கள்

முதல் பயிற்சி. வீட்டில் மாடு இல்லாத குறை தீர்ந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தினமும் மாலை ஆறிலிருந்து ஆறரை வரை ஊதுகிறாள். மாட்டின் குரல் மெல்ல மெல்லக் கப்பலின் குரலாகியிருக்கிறது. ஏறுவரிசையில் நான்காவது ஸ்வரம் மட்டும் எதையோ தூக்கிச் சுமப்பது போல ஒரு முக்கலோடு வருகிறது. அது கருவியின் குணம், தன்னுடையது அல்ல என்கிறாள். வளரும் பிள்ளைகள் இதே வாதத்தைப் பெற்றோர்களைப் பற்றியும் வைப்பதுண்டு.

பெங்களூரிலிருந்து அவள் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு. மிருதுளா கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, ஸ்வரவரிசை முழுவதையும் வாசித்துக் காட்டினாள். முடித்தபோது பெங்களூர் வேறொரு அழைப்பில் இருந்தது. "சிக்னல் சரியில்ல" என்று எனக்கு விளக்கினாள். நான் கேட்டிருக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இருபது வருடமாக நாள்காட்டியைத் தேதிக்கு மட்டும் பார்த்துவந்தவள், இன்று உட்கார்ந்து முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஒரு பிரதியைக் கல்லூரி மேசையிலும் ஒட்ட வேண்டியிருக்கிறது. ஆட்டோ ஏற்பாட்டை அங்கிருந்துதான் செய்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

துறையில் பரபரப்பு. முகூர்த்த நாளெல்லாம் வட்டம் போட்டிருக்கிறீர்களே, யாருக்கு மேடம் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவர்களே ஒரு பதிலைத் தயாரித்துப் பரிமாறிக்கொண்டுவிட்டார்கள். எல்லோரும் இன்று என்னிடம் மிகவும் மென்மையாகப் பேசினார்கள். ஒருத்தி, வாழ்க்கை யாருக்காகவும் நிற்பதில்லை மேடம் என்றாள். ஆட்டோ நிற்க வேண்டும், அதுதான் என் பிரச்சினை என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கல்யாணத்துக்குப் போய் வந்த யுபோனியத்தைக் கவிழ்த்தபோது வாய்க்குள்ளிருந்து ஜிகினாத் துண்டுகள், பிச்சிப்பூ, ஒரு குழந்தையின் காலுறை ஆகியவை விழுந்தன. போன வாரம் ஒரு கெட்டதுக்குப் போய் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அன்று டெட்டால் விட்டுத் துடைத்தேன். இன்று ஏன் துடைக்கவில்லை என்று மிருதுளா கேட்டாள். சுகாதாரம் என்று நான் சொன்ன பதில் இரண்டு நாட்களுக்கும் பொருந்தாததால் இன்றும் துடைத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாவட்டப் போட்டிக்கு நாள் குறித்துவிட்டார்கள்: அக்டோபர் ஒன்பது, காலை ஒன்பது மணி. தங்கதுரை சார் பெற்றோரைக் கூட்டிப் பேசினார். அன்றைக்குக் கருவி கையில் இல்லாத பிள்ளைக்கு வேறு கருவி தேடித் தர முடியாது, பேனர்தான் என்றார். மிருதுளா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தேவலை.

நாள்காட்டியைப் பார்த்தேன். அக்டோபர் ஒன்பது புரட்டாசி. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. இந்தச் சமூகத்தின் நம்பிக்கைகள் முதல்முறையாக எனக்குப் பயன்பட்டிருக்கின்றன என்ற நிறைவோடு ரெஜினாவிடம் போய்ச் சொன்னேன்.

"கல்யாணம்தான கிடையாது மேடம்" என்றாள்.

மற்ற சாவுகளுக்கு அந்த ஒருநாள் யுபோனியம் இல்லாமல் சமாளித்துவிடுவாளாம். ஒரே ஒரு சாவுக்கு மட்டும் முடியாதாம். எழுந்து போய், பீரோவிலிருந்து முத்திரைத்தாள் ஒன்றை எடுத்துவந்தாள். "எழுதிக் கொடுப்பவர்", "எழுதி வாங்குபவர்" என்று முறைப்படி தொடங்கி, மேற்படியாரின் உடலை வீட்டு முற்றத்தில் வைக்கும் நேரம் தொட்டு கல்லறைத் தோட்டம் சேரும் நேரம் வரையில், யுபோனியம் உள்ளிட்ட பதினொரு கருவிகள் இடைவெளியின்றி வாசிக்கப்பட வேண்டியது என்று எழுதியிருந்தது. முன்பணம் முழுவதும் கொடுத்து ஆறு வருடமாகிறது. சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார்.

மேற்படியார் என் தெருவில், எனக்கு மூன்று வீடு தள்ளி, பச்சைக் கேட் போட்ட வீட்டில் இருக்கும் அருமைநாயகம். ஓய்வுபெற்ற சார்பதிவாளர். முப்பத்தாறு வருடம் பத்திரம் பதிந்தவர் தன் சாவை மட்டும் வாய்மொழியாக விடுவாரா? வயது எண்பத்தெட்டு.

"திடமாத்தான் இருக்காவ" என்றாள் ரெஜினா. "ஆனா நாள் கேட்டுட்டா வருது?"

செப்டம்பர் 10, செவ்வாய்

பத்து வருடமாக அந்தப் பச்சைக் கேட்டைக் கடந்து போகிறேன். இன்று முதல்முறையாகத் திறந்தேன். முதியோர் உடல்நலம் குறித்துக் கல்லூரியில் ஓர் ஆய்வு என்று சொன்னேன். மருமகள் ஷீபா நெகிழ்ந்துபோனாள். கணவர் தோஹாவில் இருக்கிறார். மாமனாரைப் பற்றி யாராவது வந்து விசாரிப்பதே அபூர்வமாம்.

சன்னல் ஓரக் கட்டிலில் மெலிந்த, சவரம் செய்த, சந்தேகம் நிறைந்த ஒரு மனிதர். இரத்த அழுத்தம், சர்க்கரை, பசி, தூக்கம், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். கூண்டில் நிற்கும் சாட்சி போல அளவாகப் பதில் சொன்னார். கடைசியில், எத்தனை கிழவர்களிடம் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம் என்றேன்.

இதயம் சற்றே விரிந்திருக்கிறது. உப்புக் கூடாது. மற்றபடி அக்டோபர் ஒன்பதைத் தாண்டக்கூடியவராகத் தெரிகிறார்.

செப்டம்பர் 11, புதன்

ஆயுள் அட்டவணையை எடுத்துவைத்துக் கணக்கிட்டேன். எண்பத்தெட்டு வயது ஆண் இன்னும் இருபத்தெட்டு நாள் உயிரோடிருக்க வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. கவலைப்பட ஒன்றுமில்லை. மாலை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

ஆய்வு அம்பலமாகிவிட்டது.

இன்று மிருதுளாவுக்கு மதியத்தோடு பள்ளி முடிந்துவிட்டதால் ஐந்து மணிக்கே ஊதத் தொடங்கிவிட்டாள். நான் பச்சைக் கேட் வீட்டில் இருந்தேன். சத்தம் சன்னல் வழியாகத் துல்லியமாக வந்தது. அருமைநாயகம் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நான்காவது ஸ்வரம் வந்ததும் தலையை ஆட்டினார்.

"அந்த இடத்துல அது எப்பவும் ஒரு முக்கு முக்கிட்டுத்தான் வரும். எங்க அண்ணன் அடக்கத்துலயே கேட்டேன். செராபின் வீட்டு யுபோனியம்லா இது?"

"ஆமா."

"எனக்கு எழுதி வச்சது."

"தெரியும்" என்றேன்.

வாய்தவறித்தான் சொன்னேன். அவர் என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். சர்க்கரை, அழுத்தம், தூக்கம் என்று நாள்வாரியாகக் கட்டம் போட்ட நோட்டு. பிறகு என்னைப் பார்த்தார். பொய் சொல்லி நீட்டுவதில் பயனில்லை என்பதால் அக்டோபர் ஒன்பது, தங்கதுரை சார், பேனர் எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஷீபா தண்ணீரோடு ஓடிவந்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். மூச்சு திரும்பியதும் சொன்னார்:

"இந்த வீட்டுக்கு எத்தனையோ பேரு வந்துருக்காவ. நல்லா இருக்கணும், நூறு வயசு இருக்கணும்னு சும்மா சொல்லுவாவ. நான் சாவக் கூடாதுங்கதுக்கு ஒரு காரணத்தக் கையில வச்சுக்கிட்டு வந்து உக்காந்தது நீங்க ஒருத்திதான் புரபசர்."

அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஒப்பந்தம் என்றால் இரு தரப்புக்கும் கடமை உண்டாம். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு அக்டோபர் ஒன்பது வரை இருப்பது சிரமம் என்று தெரிவித்திருக்கிறார். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு சிறு பாட்டில் கொண்டுபோனேன். மனிதர் உயிரோடிருக்க வேண்டுமென்றால் உற்சாகமாகவும் இருக்க வேண்டும் அல்லவா? கைப்பையில் புள்ளியியல் பாடநூலுக்கும் வீட்டுச் சாவிக்கும் நடுவில் வைத்துக் கடத்தினேன். நாக்கில் ஒரு துணுக்கை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

அதற்கு ஈடாகப் பழைய பத்திரக் கதைகள் சொல்கிறார். செத்தவர் வந்து கைநாட்டு வைத்த கதை, ஒரே தென்னையை மூன்று பேருக்கு விற்றவர் கதை. நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், "ஒங்க வீட்டுக்காரர் பெங்களூர் போயி எத்தன வருசம்?" என்றார்.

"நாலு. டிரான்ஸ்பர்."

"அது குத்தகையா, விடுதலைப் பத்திரமா?"

குத்தகை என்றால் காலம் முடிந்ததும் திரும்பி வர வேண்டும். விடுதலைப் பத்திரம் என்றால் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதாக அர்த்தம். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் அயல்வீட்டுப் பெண்ணிடம் கேட்கத் தகாத கேள்வி. அவரிடம் அதைச் சொல்லிவிட்டு எழுந்துவர நினைத்தேன்.

"இன்னும் பதியல" என்றேன்.

"பதியாத பத்திரம் ரெண்டு பேருக்கும் தொந்தரவு" என்றார், சன்னலைப் பார்த்துக்கொண்டு.

வீடு திரும்பும்போது மணி ஏழு. மிருதுளா பயிற்சியை முடித்துவிட்டுத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நல்ல மழை. பெங்களூர் போட்டிக்குக் கட்டாயம் வருமாம், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். இந்த மழையில் யார் பச்சைக் கேட்டுக்குப் போவது? குடையும் உடைந்துவிட்டது. போகும்போதே நனைந்துவிட்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

விடிந்ததும் ஷீபா அழைத்தாள். மூச்சுத் திணறலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருந்தேன். ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் என்றார்கள். ஒரு வாரமாக நன்றாகத்தானே இருந்தார், உப்பு அதிகமாகச் சேர்த்தீர்களா என்று டாக்டர் கேட்டார். வீட்டில் உப்பே போடுவதில்லை என்றாள் ஷீபா. டாக்டர் மறுபடி கேட்டார்.

நார்த்தங்காய் பற்றி வெளியே வந்து டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். எவ்வளவு என்றார். பாட்டிலின் உயரத்தை விரலால் காட்டினேன். படித்தவர்களே இப்படிச் செய்யலாமா என்றார். இந்தக் கேள்விக்கு வகுப்பறையில் நானும் விடையை எதிர்பார்ப்பதில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

அதே நிலைமை. ஆக்சிஜன் முகமூடி வைத்திருக்கிறார்கள்.

ரெஜினா அழைத்தாள். சேதி கேள்விப்பட்டாளாம். "ஏதாவதுன்னா ஒடனே ஆள் அனுப்பி எடுத்துக்கிடுவேன் மேடம். மனசுல வச்சுக்கிடாதீங்க. பாப்பாவ நெனச்சா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எழுதிக் குடுத்துட்டேன்." அவள் சொன்னதில் குற்றம் காண ஒன்றுமில்லை. இந்த மாவட்டத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஒரே நிறுவனத்திடம் போய்த்தான் நான் கருவி எடுத்திருக்கிறேன்.

பெங்களூர் வரவில்லை. அலுவலகத்தில் ஆய்வாம். மிருதுளா "ஓகேப்பா" என்று மூன்று முறை சொன்னாள். பிறகு யுபோனியத்தை எடுத்துப் பிராசோ போட்டு, தன் முகம் தெரியும்வரை தேய்த்தாள். "தாத்தா இன்னைக்கு எப்டிம்மா இருக்காரு?" என்று கேட்டாள். நாளை வரை தாங்கும் என்றேன். அவள் கேட்டது அதை அல்ல என்று பிறகு தோன்றியது.

அக்டோபர் 9, புதன்

காலை ஏழு மணிக்கு மிருதுளாவையும் யுபோனியத்தையும் பள்ளிப் பேருந்தில் ஏற்றினேன். சிவப்புச் சட்டை, வெள்ளைக் கையுறை. மைதானத்துக்கு நேராக வந்துவிடுகிறேன், போகிற வழியில் ஆஸ்பத்திரியில் நிலவரம் மட்டும் தெரிந்துகொள்கிறேன் என்றேன். கருவி பறிபோகுமா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஷீபா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. குளித்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினேன். ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி; என்னுடையது அல்ல.

அவர் கண்ணை மூடியிருந்தார். முகமூடிக்குள் ஆவி படிந்து படிந்து மறைந்தது. நான் எண்ணினேன், நிமிடத்துக்கு இருபத்தெட்டு. கொஞ்ச நேரம் கழித்து இருபத்தாறு. ஒருமுறை விழித்து, என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். எட்டரை என்றேன். போ என்பது போல விரலை அசைத்தார். போகிறேன் என்றேன். இருபத்தைந்து. பிறகு இருபத்துநான்கு. ஷீபா வந்துவிட்டாள். டாக்டர் சுற்றுக்கு வரும் நேரம் என்றார்கள். டாக்டர் வந்தார், பார்த்தார், நீர் இறங்குகிறது என்றார். இருபத்திரண்டு.

மைதானத்தைச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போக்குவரத்து நெரிசல்.

நான்கு பள்ளிகளில் மூன்றாம் இடம். நான்காவது பள்ளி கொடியைத் தலைகீழாகப் பிடித்ததற்காக நீக்கப்பட்டது. தங்கதுரை சார் என்னைப் பார்த்ததும், பிரமாதமாக வாசித்தாள், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், தெரியவே இல்லையே என்றார். பின்னால் என்றேன்.

ஆட்டோவில் யுபோனியம் எங்களுக்கு நடுவில் இருந்தது. மிருதுளா வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி மடித்தாள். பிறகு, வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"நீ எத்தன மணிக்கு அங்கருந்து கெளம்புன?"

"பதினொண்ணு இருக்கும்."

"எங்க டர்ன் பத்துக்கே முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் தாத்தா செத்தா ஒனக்கென்ன, இருந்தா ஒனக்கென்ன?"

யுபோனியம் சரியாமல் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நீ யுபோனியத்துக்காகப் போகல" என்றாள். கோபமாகக்கூட இல்லை. விடையைச் சரிபார்ப்பது போல.

நான்கு வருடத்தில் அவள் கேட்ட ஒரே பொருளை வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் வாசித்தபோது பார்க்க வரிசையில் ஒருவரும் இல்லை. பெங்களூர் வரவில்லை, நானும் வரவில்லை. அவருக்கும் எனக்கும் போட்ட இரண்டு பத்தியிலும் ஒரே எண் வந்திருக்கிறது. பிழை எங்கே என்று தேடினேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் மிருதுளாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அதில் பயிற்சி இல்லாததால் ஒரு துறைக் கூட்டத் தீர்மானம் போல அமைந்துவிட்டது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, போட்டியில் வாசித்த ஏழு நிமிடத்தையும் வாசித்தாள். யுபோனியம் மெல்லிசையின் கீழே ஓடுகிற பகுதியைத்தான் வாசிக்கும் என்பதால் பாதி நேரம் பூம் பூம் என்று மட்டும் கேட்டது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கல்லூரிக்கு ஒரு மணி நேரம் தாமதம். இருபத்துமூன்று வருடத்தில் முதல்முறை.

அக்டோபர் 17, வியாழன்

அருமைநாயகம் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் பாதியாக இளைத்திருக்கிறார். வாசலில் ஷீபா என்னை நிறுத்தினாள்.

"கட்டிலுக்கு அடியில நார்த்தங்கா பாட்டில் இருந்துச்சு மேடம். தூக்கிப் போட்டுட்டேன்."

"டாக்டர்ட்ட நான் சொல்லிட்டேன் ஷீபா."

"தெரியும். அதனாலதான் கேட்டத் தொறந்தேன். எப்பவும் வாங்க. வெறுங்கையா வாங்க."

அக்டோபர் 19, சனி

மிருதுளா பேண்டை விட்டுவிட்டாள். பல்லுக்குக் கம்பி போட வேண்டும், ஊதினால் உதடு கிழியும் என்று பல் மருத்துவர் சொன்னது ஒரு காரணம். த்ரோபால் அணியில் இடம் கிடைத்தது இன்னொன்று. அதற்குப் பந்து பள்ளியிலேயே தருகிறார்கள் என்று எனக்கு ஆறுதலும் சொன்னாள்.

ரெஜினாவுக்குத் தகவல் எப்படியோ போய்விட்டது. ஐப்பசி பிறந்துவிட்டது, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வாடகை தொடரட்டும் என்றேன். நல்ல நாளில் வழக்கம் போல் அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

"பாப்பாதான் விட்டுட்டாளாமே. யாரு ஊதுதா?"

முடிவெடுப்பதில் அவசரம் கூடாது என்றேன். அந்தப் பக்கம் வெங்காயம் உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்டோபர் 21, திங்கள்

போட்டிதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு வருகிறீர்கள் என்று அருமைநாயகம் கேட்டார். நியாயமான கேள்வி. வரும் வழியெல்லாம் அதற்கு விடை தேடித்தான் வந்திருந்தேன்.

மாநிலப் போட்டி இருக்கிறது என்றேன். மூன்றாம் இடம் வந்தவர்களுக்குக்கூடவா என்றார். புதிய விதி என்றேன்.

"எப்ப?"

"ஜனவரி இருபது."

கண்ணை மூடி விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "தூரமால்லா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன். "ஒப்பந்தம் போட்டிருக்கோம்ல."

அக்டோபர் 23, புதன்

போட்டிக்குப் பயிற்சி வேண்டாமா, ஆறு மணிக்குச் சத்தத்தையே காணோமே என்கிறார். காது மட்டும் முப்பது வயதில் நின்றுவிட்டது போலிருக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

மிருதுளா த்ரோபாலிலிருந்து திரும்ப ஏழு மணியாகும். ஆறு மணிக்குக் கூடத்துச் சன்னலைத் திறந்துவைத்தேன். மற்றச் சன்னல்களை அடைத்தேன். யுபோனியத்தை எப்படி அணைப்பது என்பதே பிடிபடக் கால் மணி நேரமாயிற்று. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு ஏதோ வந்தது. மேல்வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது; சம்பந்தமில்லாததாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 28, திங்கள்

இன்று மிருதுளா சீக்கிரம் வந்துவிட்டாள். கதவருகில் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. நான் நிறுத்தினேன். எதுவும் கேட்காமல் பையை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் வந்து, என் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தினாள்.

"இங்க உப்பக் கூடாதும்மா. உதட்ட இறுக்கி, வயித்துல இருந்து."

அவள் சமையலறைக்குப் போன பிறகு ஒருமுறை ஊதினேன். நான்கு ஸ்வரம் ஏறினேன். நான்காவது முக்கியது. கருவியின் குணம்தான்.

அக்டோபர் 30, புதன்

அருமைநாயகம் இன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சர்க்கரை, அழுத்தம், தூக்கம் எல்லாம் எழுதி முடித்தேன். மாநிலப் போட்டியைப் பற்றித் தனக்குக் கவலையாக இருக்கிறது என்றார். ஆறு நாட்களாகக் கேட்கிறாராம். முன்பு நன்றாக வாசித்த பிள்ளை இப்போது அடியோடு மோசமாகிவிட்டதாம். நாளை தீபாவளிக்குக்கூட விடாமல் சாதகம் செய்தால்தான் தேறும் என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"ஊதுத பாப்பாவுக்கு என்ன வயசிருக்கும் புரபசர்?"

வெளியே யாரோ சரவெடி கொளுத்தினார்கள். அது முழுவதும் வெடித்து முடியும்வரை காத்திருந்தேன்.

"நாப்பத்தொம்பது" என்றேன்.

தலையை ஆட்டினார். அந்த வயதுக்குப் பரவாயில்லை என்றார். போட்டி என்றைக்கு என்று சொன்னேன் என்று கேட்டார். பிப்ரவரி இருபது என்றேன். முப்பத்தாறு வருடம் அடுத்தவர் பத்திரங்களில் தேதிப் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய மனிதர், ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே ஏற்றுக்கொண்டார்.